தர்ப் சுபைதா: படங்களும் ஆலோசனையும் தேவை

அன்புடையீர், இராக்கிலுள்ள கூஃபா நகரிலிருந்து மக்காவுக்கு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளும் பழைய ஹஜ் பாதையான ‘தர்ப் சுபைதா’ பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். கலீஃபா ஹாரூன் அல்-ரஷீதின் மனைவி சுபைதாவின் பெயரைத் தாங்கிய இப்பாதையில், மழைநீரைச் சிறு தொட்டியில் தேக்கி, வண்டல் படிந்தபின் தெளிந்த நீரைப் பெருங்குளத்துக்கு அனுப்பிய கல் நீர்த்தேக்கங்களே என்னை மிகவும் ஈர்க்கின்றன. பள்ளிவாசல்களுக்குக் கிடைத்த கவனம் இவற்றுக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

இப்பாதையில் பயணிகள் தங்கிச் சென்ற ஃபைத், அர்-ரபதா ஆகிய இடங்களை நேரில் கண்டவர்கள், அங்குள்ள குளங்கள், பள்ளிவாசல் அடித்தளங்கள் ஆகியவற்றின் படங்களை எடுத்த ஆண்டுடன் பகிர்ந்தால், மணல் எவ்வளவு மூடியுள்ளது என்பதை ஒப்பிட இயலும். பழைய சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிக் கல் சிதையக்கூடும் என்பதால், சுண்ணச்சாந்து வேலையில் அனுபவமுள்ளவர்களும் தங்கள் கருத்தைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். பகிர்பவை அரபுக் குறிப்புகளாயின், அவற்றின் இரண்டு வரித் தமிழ்ச் சுருக்கமே போதும்.