மேட்டுக் கொரங்காட்டு வேலி: குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

தம்பி: அனைவருக்கும் வணக்கம். நம் மேய்ச்சல் நிலமான மேட்டுக் கொரங்காட்டின் கிளுவை வேலியைப் பொக்லைன் வைத்து எடுத்துவிட்டு, கம்பிவேலி போட்டு, ஆழ்துளைக் கிணறு இறக்கித் தென்னை வைக்கலாம் என்று நானும் அப்பாவும் நினைக்கிறோம். வண்டிக்காரர் நாளைக்குள் பதில் கேட்கிறார்.

அத்தை: அது உன் தாத்தா கிளை வெட்டி, போத்து போத்தாக நட்டு வளர்த்த வேலி, சாமி.

பெரியப்பா: வண்டிக்காரருக்குப் பதில் சொல்லும் முன் இதை முழுவதும் படித்துவிடு, தம்பி. நம் காங்கேயம் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில பெருமழைகளாகக் கொட்டிவிட்டுப் போகிறது. ஓர் ஏக்கரில் 10 மில்லிமீட்டர் பெய்தாலே அது சுமார் 40,000 லிட்டர் நீர். கொழுக்கட்டைப்புல் தூர் கட்டி நிற்கும் காட்டில் அந்த நீர் தூருக்குத் தூர் தடுக்கப்பட்டு மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. ஒட்ட மேய்ந்துவிட்ட காட்டிலோ மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடிவிடுகிறது. அதற்காகத்தான் காட்டை நான்கு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மாடு மேயும்போது மற்ற மூன்றையும் துளிர்க்க விடுகிறோம். உள்வேலி போனால் அந்த முறையே போய்விடும்.

சித்தப்பா: பாகம் பிரித்தபோது கிணற்றுப் பாசன நிலம் உங்களுக்கும் வானம் பார்த்த காடு எங்களுக்கும் என்றானது. இப்போது தென்னையும் வைக்கக் கூடாது என்றால் எப்படி, அண்ணா?

பெரியப்பா: உன் வருத்தம் எனக்குப் புரிகிறது; பாகத்தைப் பற்றி நேரில் பேசுவோம். ஆனால் கோடையில் தென்னை ஒன்றுக்குச் சொட்டுநீரில்கூட நாளொன்றுக்கு 60 லிட்டருக்கு மேல் வேண்டும். அதை நிலத்தடியிலிருந்து இறைத்தால் கீழே இருக்கும் எல்லோருடைய கிணறும் இறங்கும், என் பாகத்துக் கிணறும் சேர்த்துத்தான்.

அக்கா: வெள்வேல மரங்களையும் எடுக்கப் போகிறாயா, தம்பி? கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அந்தக் காய்தானே தீனி.

பெரியப்பா: நல்ல கேள்வி, அம்மிணி. காய் தின்ற ஆட்டின் புழுக்கையில் வெளிவரும் விதை எளிதாக முளைக்கிறது. வடக்கு வேலியோரம் போய்ப் பார். பட்டி கிடந்த இடத்தில், புல் தூர்களுக்கு நடுவே, விரல் உயரத்துக்கு வேலங்கன்றுகள் நிற்கின்றன.

அத்தை: அதே வடக்கு வேலியில் பொந்து விழுந்து பக்கத்துக் காட்டு ஆடுகள் உள்ளே வருகின்றனவே, அதற்கு என்ன செய்வது?

பெரியப்பா: பொந்துகளில் போத்து நட்டு முள் அடைக்கலாம். பள்ளம் அரித்த இடத்தில் கல் தடுப்புக் கட்டி, குட்டையைத் தூர்வாரி, அந்த வண்டலைப் புல் இல்லாத இடங்களில் பரப்பினால் போதும். வண்டியை அந்தக் குட்டைக்கு அழைப்பதாக இருந்தால் செலவில் பாதியை நான் தருகிறேன்.

தம்பி: அப்படியானால் வேலியைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுகிறேன், பெரியப்பா. குட்டைக்கு எப்போது வர முடியும் என்றும் கேட்கிறேன்.

சித்தப்பா: வேலி இருக்கட்டும். தென்னை யோசனையை நான் இன்னும் விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை பேசலாம்.

அத்தை: சரி, போத்து வெட்ட ஆளுக்கு யார் சொல்கிறீர்கள்?