சாதா முடிச்சும் சாய்ந்த கூடையும்

தாமிரபரணிக்காரி: நான் போட்ட ஒயர் கூடையின் படத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் எத்தனை காலம் சாதா முடிச்சிலேயே கிடப்பீர்கள்? சிவன் கண் முடிச்சுப் போடத் தெரியாதவர் கைவேலைக்காரர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது” என்று டீச்சர் அம்மா எழுதியிருக்கிறார். வேலை முடிந்து வந்து, பாட்டுக் கேட்டபடி கை போன போக்கில் முடிச்சுப் போடுவதற்காகத்தான் நான் ஒயர் வாங்குகிறேனே தவிர, யாரிடமும் மதிப்பெண் வாங்குவதற்காக அல்ல.

கைவேலை டீச்சர்: மதிப்பெண்ணை விடுங்கள், கூடை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? அடிப்பாகத்து ஒயர்களை நடுமடிப்புப் பார்க்காமல் தொடங்கினாலோ, சுற்றிவரும் ரன்னிங் ஒயரை ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளர்த்தினாலோ, சுவர் ஏற ஏற ஒரு மூலை தாழ்ந்துகொண்டே போகும். இதைத் திருத்திக்கொள்ளாமல் அடுத்த கூடைக்குப் போவதற்குப் பெயர் பொழுதுபோக்கு அல்ல, அலட்சியம்.

சந்தைக்குப் போகிறவன்: அம்மா, அந்தக் கூடையில் முருங்கைக்காய் நிற்கிறதா, தக்காளி நசுங்காமல் வீடு வந்து சேர்கிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழக அரசு தடை போட்ட பிறகு நானும் ஒயர் கூடைதான் தூக்குகிறேன். சாய்வை இதுவரை எந்தக் கடைக்காரரும் அளந்து பார்த்ததில்லை.

பனையோலை: ஒயரும் பிளாஸ்டிக்தான் என்பதை இங்கே ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லை என்பது வியப்பாக இருக்கிறது.

சந்தைக்குப் போகிறவன்: ஒரு முறை வாங்கிப் பல ஆண்டுகள் தூக்குகிற கூடையும், ஒரே நாளில் குப்பைக்குப் போகிற பையும் உங்களுக்கு ஒன்றாகத் தெரிந்தால், உங்களோடு பேசுவது வீண். ஓலைப்பெட்டியில் ஈர மீனை வாங்கி வந்து பாருங்கள்.

கைவேலை டீச்சர்: மீன், ஓலை எல்லாம் இருக்கட்டும், சாய்வுக்கு வாருங்கள். நெல்லிக்காய்க் கூடையும் பிஸ்கட் முடிச்சும் எத்தனையோ பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். அவர்களில் ஒருவர்கூடச் சாய்ந்த கூடையை என் முன்னால் கொண்டுவந்து வைத்ததில்லை.

தாமிரபரணிக்காரி: கொண்டுவந்து வைக்கப் பயந்திருப்பார்கள். அப்படிக் கற்றவர்களில் எத்தனை பேர் இன்று தம் விருப்பத்துக்காக ஒயரைத் தொடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். என் கூடை சாயவில்லை. படம் எடுத்த திண்ணைதான் சாய்வு.

கொலுப்படி: சென்ற நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்கச் சின்னக் கூடைகள் கேட்டபோது, டீச்சர் அம்மா சொன்ன விலையைக் கேட்டு எவர்சில்வர் கிண்ணமே வாங்கிவிட்டேன். கலை, தரம் என்று பேசுகிறவர்களின் கணக்கு எங்கே போய் முடியும் என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

கைவேலை டீச்சர்: உழைப்புக்கு விலை சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. திண்ணை சாய்வென்றால் பின்னால் இருக்கும் தூண் மட்டும் எப்படி நேராக நிற்கிறது? கைப்பிடியின் இரண்டு முனைகளுக்கும் கீழே எத்தனை வரிசை முடிச்சு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். ஒரு பக்கம் ஒரு வரிசை குறையும் என்று இப்போதே சொல்கிறேன்.

தாமிரபரணிக்காரி: எண்ண மாட்டேன். எண்ணாமல் இருப்பதற்காகத்தான் சாதா முடிச்சுப் போடுகிறேன் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

கைவேலை டீச்சர்: அப்படியானால் குறைகிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.