மூச்சுச் சத்தம்தான் முதலில் கேட்கும்

வான்கூவரிலிருந்து:

ஆகஸ்டில் கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் ஜான்ஸ்டன் நீரிணைக்குப் போகிறவர்கள் மூடுபனிக்குத் தயாராகப் போங்கள். ஃபாக்கையும் ஆகஸ்டையும் சேர்த்து அந்த மாதத்துக்கே ‘ஃபாகஸ்ட்’ என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். வான்கூவர் தீவின் வடகிழக்குக் கரையில் டெலிகிராஃப் கோவ் என்ற குட்டித் துறையிலிருந்து கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகு மூன்றில் ஐந்து பேர் கிளம்பினோம். கோடையிலும் தண்ணீர் 10 டிகிரியைத் தொட்டால் அதிகம். கவிழ்ந்தால் நீச்சல் தெரிந்தும் புண்ணியமில்லை, கை விறைத்துவிடும். அதனால் கரையை ஒட்டியே போனோம்.

இரண்டாம் நாள் காலை கயாக்கின் மூக்குக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. வழிகாட்டி கெல்ப்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கடலடியிலிருந்து மேல் வரைக்கும் வளரும் பாசி அது. தண்டு தோட்டத்து ஹோஸ் குழாய் மாதிரி இருக்கும், நுனியில் பந்து போல ஒரு காற்றுப்பை. நாலைந்தை இழுத்து மடியில் போட்டுக்கொண்டால் அதுதான் நங்கூரம். வெண்டைக்காய் நறுக்கிய கை போல உள்ளங்கையெல்லாம் வழவழப்பு.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டது. குக்கரின் வெயிட்டைத் தூக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு ‘புஸ்ஸ்’. கொஞ்சம் கழித்து இன்னொன்று, சன்னமாக. அப்புறம் இரண்டும் ஒன்றாக. எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. யாரும் பேசவில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு முதுகுத் துடுப்பு எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. ஓர்கா, அதாவது கொலைத் திமிங்கிலம். ஆணுக்கு அந்தத் துடுப்பு 1.8 மீட்டர் வரை வளரும் என்று படித்திருந்தேன். ஆனால் கயாக்கில் உட்கார்ந்தால் நம் தலையே தண்ணீருக்கு ஒரு மீட்டர் மேலேதான் இருக்கும், அது படித்தபோது உறைக்கவில்லை. ஓர்காவிடமிருந்து குறைந்தது 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் அசையவே இல்லை, அதுவாகத்தான் கெல்ப் ஓரமாக வந்தது. பின்னாலேயே வளைந்த சின்னத் துடுப்பு ஒன்று. அம்மா என்றார் வழிகாட்டி. இந்த ‘ரெசிடென்ட்’ கூட்டங்களில் மகன் எத்தனை வயதானாலும் அம்மாவை விட்டுப் பிரிய மாட்டானாம். முன்இருக்கையில் இருந்த என் மனைவி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்!

இவை மீன் மட்டுமே தின்பவை, அதிலும் சினூக் சால்மன் என்றால் உயிர். சீல் தின்னும் ஓர்காக்கள் வேறு வகை, வேட்டையின்போது அவை அனேகமாகச் சத்தமே போடாது. 1970களில் மைக்கேல் பிக் என்ற ஆய்வாளர் முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டுகளையும் அதன் பின்னால் இருக்கும் சாம்பல் திட்டையும் வைத்து ஒவ்வொரு ஓர்காவையும் ஆள் ஆளாக அடையாளம் கண்டார். இதே நீரிணையில் இருக்கும் ராப்சன் பைட் காப்பகம் இப்போது அவர் பெயரையும் சேர்த்துத்தான் அழைக்கப்படுகிறது. 1982இல் ஏற்பட்டது. கூழாங்கல் கரையில் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஓர்காக்கள் வரும் இடம், உல்லாசப் படகுகளுக்கு அனுமதி இல்லை. எல்லைக்கு முன்பே திரும்பிவிட்டோம். கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆனால் நான் முதுகு சொறியும்போது நாலு பேர் வந்து படம் பிடித்தால் எனக்கும் பிடிக்காது.

போட்டோ கேட்காதீர்கள். கேமரா தண்ணீர் புகாத டிரை பேகுக்குள், டிரை பேக் காலுக்கடியில்.

சியாட்டிலிலிருந்து:

நாங்க போனது அலாஸ்காவுல கிளேசியர் பே. 1794ல ஜார்ஜ் வான்கூவர்ங்கிற கேப்டனோட கப்பல் அந்தப் பக்கம் வந்தப்ப அங்க விரிகுடான்னு சொல்லிக்கவே பெருசா ஒண்ணும் இல்ல, வாசல் வரைக்கும் பனியாறுதான். 1879ல இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் வந்து பார்த்தப்போ 48 கிலோமீட்டருக்கு மேல பின்வாங்கியிருந்துச்சு. உடைஞ்சு மிதக்குற கட்டிகள் பக்கத்துல துடுப்பை நிறுத்திட்டுக் கேளுங்க. உள்ள அடைபட்டிருந்த காத்து வெளிய வரும், கோலி சோடா பொங்குற மாதிரி பொரிபொரின்னு.

கிளம்புறதுக்கு முன்னாடி பார்ட்லெட் கோவுல ரேஞ்சர்கள் வகுப்பு எடுக்குறாங்க. சாப்பாடு மொத்தமும் கரடி திறக்க முடியாத டப்பாவுல. சமையல், கடல் ஓதம் ஏறி இறங்குற கரையில மட்டும், அடுத்த ஓதம் வந்து வாசனையைக் கழுவிடும். நம்ம புளியோதரைப் பொடிக்கு ஒரு ஓதம் பத்துமான்னு எனக்கு இன்னும் சந்தேகம்.

அங்க ஓதம் 7 மீட்டர் வரைக்கும் ஏறும்னு அதே வகுப்புல சொன்னாங்க. தலையாட்டினேன். முதல் ராத்திரியே கயாக்கை மேல இழுக்கச் சோம்பல்பட்டு, பாசிக் கோட்டுக்குப் பக்கத்துலயே விட்டுட்டேன். மூணு மணிக்கு முழிச்சா கயாக் மிதக்குது! ஜூன் மாசம், வானம் முழுசா இருட்டல. முட்டி ஆழத்துல இறங்கி கயித்தைப் பிடிச்சேன். கால் மரத்துப்போச்சு. அப்பதான் விரிகுடா நடுவுல ஒரு பெரிய பெருமூச்சு. ஹம்ப்பேக் திமிங்கிலம். உருவம் தெரியல. ஆனா காத்து எங்க பக்கம் அடிச்சதுல நாத்தம் வந்து சேர்ந்துச்சு, மத்தியானம் மீன் மார்க்கெட் மூடினதுக்கு அப்புறம் அடிக்குமே, அது. சோம்பலுக்குத் தண்டனையா பரிசான்னு தெரியாம நின்னுட்டிருந்தேன்.

டொரொண்டோவிலிருந்து:

எங்கட அப்பா வல்வெட்டித்துறைக்காரர். கடலில இறங்கி முப்பது வருசத்துக்கு மேல. போன கோடையில அவரையும் கூட்டிக்கொண்டு ஜான்ஸ்டன் நீரிணைக்குப் பக்கத்தில இருக்கிற ப்ரொட்டன் தீவுகளுக்குப் போனனாங்கள். வழிகாட்டிப் பெடியன் ஓத அட்டவணையைப் பிரிச்சு வைச்சுக்கொண்டிருக்க, அப்பா கெல்ப் சாய்ஞ்சு கிடக்கிற பக்கத்தைக் காட்டி, “நீர் இப்ப இந்தப் பக்கம் இழுக்குது. கொஞ்சம் பொறுத்தால் நிண்டிடும்” எண்டார். அட்டவணையும் அதைத்தான் சொன்னது. பெடியனுக்கு மொழி விளங்கேல்லை, கை காட்டினது விளங்கிற்று.

பிறகு டொல்பின் கூட்டமொண்டு எங்களைச் சுத்தி ஓடினது. பிள்ளையள் கத்தத் தொடங்க, “சத்தம் போடாதையுங்கோ, அதுகள் தங்கட பாட்டில போகட்டும்” எண்டு அடக்கிப்போட்டார். வேற ஒண்டும் பேசேல்லை. நான் நினைச்சன், பழைய ஞாபகம் வந்து மனம் கனத்திட்டுது போல எண்டு.

கரையில ஏறினதும் கயாக்கின்ர அடியைத் தட்டிப் பார்த்தார். “தம்பி, இது என்ன விலை போகும்?”