தட்டுல ஒரு வட்டம்கூட இல்ல. கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காமப் போன அனுபவம் உங்களுக்கும் உண்டா?

ஆய்வக எலி
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஆஸ்பத்திரி லேப்ல இருந்தேன். ஏழு வருஷம் ஆச்சு. ஒரு நோயாளியோட சிறுநீர்ல வளர்ந்த க்ளெப்சியெல்லாங்கிற பாக்டீரியா. தெரிஞ்ச வேலைதான்: கிருமியை 0.5 மெக்ஃபார்லண்ட் அளவு கலங்கலா கரைச்சு, முல்லர்-ஹின்டன் தட்டுல ஸ்வாப்பால தடவி, மேல ஆன்டிபயாடிக் டிஸ்க் வச்சு, ராத்திரி முழுக்க இன்குபேட்டர். மருந்து கேட்டா டிஸ்க்கைச் சுத்திக் கிருமி வளராத வட்டம் வரும். காலைல எடுத்தா ரெண்டு தட்டு, பன்னெண்டு டிஸ்க், ஒண்ணைச் சுத்தியும் வட்டம் இல்ல. மத்தது கேட்காதப்போ குடுக்கிற மெரோபெனெம் டிஸ்க்கோட விளிம்பு வரைக்கும் கொழகொழன்னு ஏறி நிக்குது. டிஸ்க் பழசாயிடுச்சோன்னு பார்த்தா, பக்கத்துல கன்ட்ரோலா, ஒப்பிட்டுப் பார்க்க வச்ச ஈ. கோலை 25922 தட்டுல அளந்து வச்ச மாதிரி வட்டங்கள். மறுபடி போட்டேன். அதேதான். பிசிஆர்ல பார்த்தா என்டிஎம் ஜீன், மெரோபெனெம் மாதிரி மருந்தை உடைக்கிற என்சைமோட ஜீன்.

அப்புறம்தான் கூட வந்த சீட்டைப் படிச்சேன். வயசு 26, பிரசவ வார்டு. எனக்கு அப்போ 23.

சிவப்புக்கோடு
மருந்துக்கடை வச்சிருக்கேன். ஒருத்தர் சட்டைப்பையில இருந்து கிழிஞ்ச அட்டைத் துண்டை எடுத்து நீட்டினார். செஃபிக்சிம் 200, ஆன்டிபயாடிக். "ரெண்டே ரெண்டு குடுங்க, போன தடவை இதுக்குத்தான் கேட்டுச்சு." சளி, தொண்டை கரகரப்பு, அவ்வளவுதான். சீட்டு இல்லாம தர முடியாதுண்ணே, இது எச்1 பட்டியல், 2014 மார்ச்ல இருந்து டாக்டர் பேர், உங்க பேர், எண்ணிக்கை எல்லாம் நோட்டுல ஏத்தணும், மூணு வருஷம் வச்சிருக்கணும்னு சொன்னேன். ஒண்ணும் பேசல. நேரா எதிர்க்கடைக்குப் போனார். திரும்பிப் போகும்போது ரெண்டு மாத்திரையையும் விரல்ல பிடிச்சு எனக்கு ஆட்டிக் காட்டிட்டுப் போனார் பாருங்க. அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. அன்னிக்கு வீட்டுக்காரி கேட்டது அதுக்கு மேல: "இப்படியே எல்லாரையும் திருப்பி அனுப்பினா வாடகை யார் கட்டுவா?"

எலி மேடம், அந்தப் பொண்ணுக்கு என்னாச்சு?

ரிடையர்டு வாத்தியார்
எனக்கும் கால்ல புண் வந்து ஒரு மருந்து கேட்கலை, மாத்தினாங்க, ஆறிடுச்சு. அதை விடுங்க. இளைய தலைமுறைக்குச் சில விஷயம் சொல்லியாகணும். மாத்திரையைப் பாதியில நிறுத்தவே கூடாது. நிறுத்தினா கிருமி பழகிடும். மிச்ச மாத்திரையை டப்பாவுல போட்டு அடுத்த காய்ச்சலுக்கு வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரக்கப்பட்டுக் குடுக்கக் கூடாது. தண்ணியைக் கொதிக்க வைங்க. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க, வெறும் தண்ணியில நனைச்சு வேட்டியில துடைக்கிறது கழுவுறது ஆகாது. ராத்திரி பாலில் மஞ்சள், மிளகு. எங்க அம்மா எட்டு பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்தாங்க, ஒருத்தருக்கும் ஊசி போட்டதில்ல. மருந்துக்கடைத் தம்பி, நீங்க செஞ்சது சரி, ஆனா ஒரு போர்டும் எழுதி மாட்டியிருக்கணும்.

வார்டு டியூட்டி
ஐயா, மஞ்சள் பாலோட நான் சண்டைக்கு வரல. "பாதியில நிறுத்தினா பழகிடும்" டிபிக்கு நூத்துக்கு நூறு சரி. மத்ததுக்கெல்லாம் அப்படியே பொருந்தாது. 2017-ல பிஎம்ஜேங்கிற மருத்துவ இதழ்ல இதை எழுதிப் பெரிய விவாதமே நடந்தது. மருந்து உள்ள போற ஒவ்வொரு நாளும் குடல்ல சும்மா கிடக்கிற கிருமிகளும் அடி வாங்குது, அதுல தாக்குப்பிடிச்சது பெருகுது. தாக்குப்பிடிக்க வைக்கிற ஜீன் பிளாஸ்மிட்ல, அதாவது கிருமிக்குள்ள தனியா இருக்கிற டிஎன்ஏ வளையத்துல, உட்கார்ந்திருந்தா வேற இனத்துக்கும் கைமாத்தா குடுத்துடும். அதனால தேவைக்கு மேல ஒரு நாள்கூட வேண்டாங்கிறதுதான் இப்போ போக்கு. நீங்களா நிறுத்தாதீங்க, எத்தனை நாள்னு எழுதினவரையே கேளுங்க.

என் கதை சின்னது. ஐசியுல ஒரு பெரியவருக்குக் கோலிஸ்டின் போட்டோம். 1950-கள்ல வந்த மருந்து, கிட்னியைக் கெடுக்குதுன்னு ஓரமா வச்சதை, வேற வழியில்லாம திரும்ப எடுத்தது. அவர் மகள் மூத்திரப் பையைப் பார்த்து மணிக்கொரு தடவை டைரியில மில்லி எழுதிக்கிட்டே இருந்தா. ஒரு மணி நேரத்துல மட்டும் எண் எழுதல, பேனாவை மூடிட்டா.

நாமக்கல்காரன்
கோலிஸ்டின்னு சொன்னதால வர்றேன். உடனே கோழிக்காரனைத் திட்டுவீங்க, தெரியும். 2019 ஜூலைல கால்நடைக்கும் கோழிக்கும் தடை போட்டாங்க, நிறுத்திட்டோம். அதுக்கு முன்னாடி தீவனத்துல கலக்குற பாக்கெட்டை "வளர்ச்சி மருந்து"ன்னுதான் விக்கிறவர் குடுப்பார். நானும் வைட்டமின் மாதிரி நினைச்சேன். பொண்ணு கால்நடை படிக்கிறா, லீவுக்கு வந்தப்போ ஷெட்ல காலி பாக்கெட்டைத் தூக்கிப் பின்னாடி பொடி எழுத்தை வாசிச்சா. "அப்பா, இது ஐசியு மருந்துப்பா." தீவனம் அள்ளுற முறத்தோட அப்படியே நின்னேன். ஆனா டாக்டர், சளிக்கு அசித்ரோமைசின் எழுதுறது கோழியா?

வார்டு டியூட்டி
இல்ல. நாங்கதான்.

சாக்கடைச் சாம்பிள்
நான் ஃபேஜ் பக்கம். பாக்டீரியாவைத் தின்னுற வைரஸ். 1896-லயே கங்கை, யமுனைத் தண்ணியில காலரா கிருமி சாகுதுன்னு ஹான்கின்னு ஒரு ஆங்கிலேய பாக்டீரியா ஆய்வாளர் எழுதினார், ஜார்ஜியா நாட்டுத் திபிலிசியில 1923-ல இருந்து இதுக்குன்னே ஒரு நிறுவனம் இருக்கு. நான் போனது வெறும் சாக்கடைக்கு. குடத்துல மொண்டு, 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிச்சு, எந்த மருந்துக்கும் அசையாத ஒரு க்ளெப்சியெல்லா மேல ஊத்தினேன். மறுநாள் புல்வெளி மாதிரி இருந்த தட்டுல குண்டூசித்தலை அளவு ஓட்டை ஓட்டையா, ஃபேஜ் தின்ன இடம். கத்திட்டேன். ஆனா தனித்தனியா எடுத்த அடுத்த நாலு க்ளெப்சியெல்லால அதே ஃபேஜ் ஒண்ணையும் தொடல. ஒவ்வொண்ணுக்கும் மேலுறை வேற, தாலிச்சரடு மாதிரி ஆளுக்கொரு அளவு. எலி, உங்க அந்த ஸ்ட்ரெயின் இருக்கா?

ஆய்வக எலி
இருக்கு. கிளிசரால்ல, மைனஸ் 80 டிகிரில உறைய வச்சிருக்கேன். போன மாசம்கூட ஒரு சொட்டு எடுத்துப் போட்டேன், மறுநாளே தட்டு நிறைய வளர்ந்திடுச்சு. குப்பி மேல எண் மட்டும்தான்.

சிவப்புக்கோடு அண்ணே, நீங்க கேட்டீங்களே, அந்தப் பொண்ணுக்கு என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது. அப்போ கேட்கத் தைரியம் இல்ல.