கோகம் என்றாலே வயிறு புரட்டுகிறது, என்ன செய்யலாம்?

செம்பூர்வாசி:
2016, மும்பையில் எனக்கு முதல் மழைக்காலம். காலையில் வீட்டில் இரண்டு இட்லி, மிளகாய்ப்பொடி. மதியம் பக்கத்து வீட்டு மராத்தி ஆஜி (பாட்டி) கோகம் சர்பத் கொடுத்தார். கோகம் என்பது கருஞ்சிவப்பான ஒரு புளிப்புப் பழம். அதுவரை குடித்ததே இல்லை, ரசித்துக் குடித்தேன். சாயங்காலம் குளிர் தூக்கிப்போட்டது, ஓயாத வாந்தி. ரத்தப் பரிசோதனையில் மலேரியா. ராத்திரி ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அந்த ஆஜிதான்.

கொசுதான் காரணம் என்று நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்தக் கருஞ்சிவப்பைப் பார்த்தாலே வயிறு புரட்டுகிறது. ஞாயிறுதோறும் ஆஜி, கோகமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடி செய்து கிண்ணத்தோடு வந்து நிற்கிறார். எத்தனை சாக்குதான் சொல்வது? அதே நாள் சாப்பிட்ட இட்லி மேல் ஒரு வெறுப்பும் இல்லையே, அது ஏன்?

சயான் டீச்சர்:
இட்லியை ஆயிரம் தடவை சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பழைய நினைவு அதைக் காப்பாற்றிவிட்டது. கோகம் புது ருசி, பழி அதன் தலையில் விழுந்தது. 1955-ல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட இருந்தவர்களும், சாக்கரின் என்ற இனிப்பூட்டி கலந்த தண்ணீர் குடித்த எலிகள் மேல், குமட்ட வைக்கும் காமா கதிரைச் செலுத்தினார்கள். பிறகு அவை அந்த இனிப்புத் தண்ணீரை ஒதுக்கின. ருசிக்கும் குமட்டலுக்கும் நடுவே சில மணி நேரம் போனாலும், ஒரே தடவையில் இந்த முடிச்சு விழுந்துவிடும். காரணம் வேறு என்று அறிவுக்குத் தெரிவதால் அது அவிழாது. உங்கள் மேல் தப்பே இல்லைங்க.

மாட்டுங்கா தாத்தா:
பரேலில் என் மனைவிக்கு கீமோ நடந்தபோது, அன்றைக்குப் பிடித்த சாப்பாடு எதையும் கொடுக்காதீர்கள் என்றார்கள். அவளுக்கு வத்தக்குழம்பு என்றால் உயிர். அதை அந்த நாட்களில் கண்ணிலேயே காட்டவில்லை. மருந்து ஏறுவதற்கு முன் புதுசாக ஒரு லிச்சி மிட்டாய் வாயில் போடுவாள். இன்றைக்கும் லிச்சி வாசம் அவளுக்கு ஆகாது. வத்தக்குழம்பை மட்டும் சுண்டச் சுண்ட வைத்துச் சாப்பிடுகிறாள்.

நீ சர்பத் பக்கமே போகாதே அம்மா. உடம்பு நன்றாக இருக்கும் நாளில், ரசத்தில் புளியைக் குறைத்து ஒரே ஒரு கோகம் இதழ் (காய்ந்த பழத்தோல்) போட்டுப் பார். பழகிய ருசிக்குள் அது மெதுவாக வரட்டும்.

செம்பூர்வாசி:
ரசம் எனக்குத் தோன்றவே இல்லை தாத்தா. ஆஜியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், காய்ந்த கோகம் நாலு இதழைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். இப்போது ரசம் நுரை கட்டுகிறது. ஒன்று போட்டிருக்கிறேன்.