மண்டை அடிபட்டுக் காது போனவருக்குக் காக்ளியர் கருவி பலன் தருமா?

பெகு மருமகள்:
வணக்கம். போன மாசம் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடி. உயிர் பிழைத்தார். ஆனால் ரெண்டு காதும் சுத்தமாகக் கேட்கவில்லை. ரெண்டு பக்கமும் விரிசல் உள்காதில் நத்தை மாதிரி சுருண்டிருக்கும் எலும்பைக் குறுக்கே பிளந்திருக்கிறது என்று சிடி ஸ்கேனில் தெரிந்தது. காது மெஷின் வைத்தும் பலனில்லை. "ஆறு மாசம் போகட்டும்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சிலேட்டில் எழுதித்தான் அவரோடு பேசுகிறேன். ஆபரேஷன் செய்து உள்காதுக்குள் மின்கம்பி விட்டு வைக்கிற காக்ளியர் கருவியை வைத்தால் கேட்குமா?

தாம்வே தையல்கடை:
தங்கச்சி, ஆறு மாசம் சும்மா இருந்துவிடாதே. ஏணியிலிருந்து விழுந்து எனக்கும் இதே அடிதான். உடைந்த எலும்பு ஆறும்போது நத்தைக்குள்ளும் எலும்பு வளரலாம்; அடைத்துவிட்டால் கருவியின் மின்முனைக் கம்பி உள்ளே போகாது. டாக்டரிடம் எம்ஆர்ஐ பற்றி இப்பவே கேள். நத்தைக்குள் நீர் இருக்கிறதா, காதிலிருந்து மூளைக்குச் சத்தத்தைக் கொண்டுபோகிற நரம்பு அறுபடாமல் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். கருவி நேராக நரம்பைத்தான் மின்சாரத்தால் தொடுகிறது. நரம்பே இல்லையென்றால் வைத்தும் வீண்.

எனக்குச் சென்னையில் வைத்தார்கள். ஒரு மாசம் கழித்து ஆன் செய்தபோது கண்ணோரம் வெடுக் வெடுக்கென்று துடித்தது, பயந்துபோனேன். விரிசல் வழியாக மின்சாரம் முகநரம்புக்குக் கசிகிறதாம். அந்த மின்முனைகளை மட்டும் அணைத்தார்கள், நின்றுவிட்டது.

முதலில் எல்லார் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. தினமும் மகள் வாயை மறைத்துக்கொண்டு கடைக்கணக்கை வாசிப்பாள், நான் திருப்பிச் சொல்வேன். மூணு மாசத்தில் தமிழ் பிடிபட்டது. பர்மியம்தான் இன்னும் பாடு. ஒரே 'ஸா' குரல் ஏறி இறங்குவதில் 'சாப்பிடு' ஆகும், 'எழுத்து' ஆகும். கருவி அந்தச் சுருதியைச் சரியாகக் காட்டாது. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் கத்தரி துணியில் ஓடுகிற சத்தம் திரும்பக் கேட்ட அன்று கடையிலேயே அழுதுவிட்டேன்.

மோல்மீன் நர்ஸ்:
ஆபரேஷனுக்கு முன்னாலேயே நியூமோகாக்கல் தடுப்பூசி போடச் சொல்லுங்கம்மா. உள்காது உடைந்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரும் அபாயம் கூடுதல். மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால் டாக்டரிடம் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பெகு மருமகள்:
செவ்வாய்க்கிழமை எம்ஆர்ஐக்கு ரங்கூன் வருகிறோம். அண்ணா, அவரை உங்கள் கடைக்குக் கூட்டிவரலாமா? கேட்டுப் பேசுகிற ஒரு ஆளை அவர் கண்ணால் பார்க்கணும்.

தாம்வே தையல்கடை:
சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாங்க. மிஷின் ஓடும்போது எனக்குப் பேச்சு பிரியாது, நிறுத்தி வைக்கிறேன். சிலேட்டையும் எடுத்து வா.