சொத்தில் பங்கு வேண்டாமென்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறீர்களா?

மூன்றாவது மகள்:
அப்பா போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. "அக்கா, சும்மா ஒரு கையெழுத்துதான், பட்டா மாத்தணும்" என்று தம்பி காரில் கூட்டிப்போனான். கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், விரல் ரேகை வைத்தேன். "முழுச் சம்மதத்தோடதான எழுதிக் கொடுக்கிறீங்க?" என்று சார்பதிவாளர் கேட்டபோது தம்பி என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். ஆமாம் என்றேன். வரும் வழியில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தான், எனக்குப் பிடிக்குமாம். அதற்கப்புறம் அதை வாயில் வைக்க முடியவில்லை.

பூவரசு:
நான் போடமாட்டேன் என்றேன். "உனக்குப் போட்ட முப்பது பவுன் என்னவாம்?" என்று அம்மாவே கேட்டாள். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். மகளுக்குக் காதுகுத்து, ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டு "மாமன் எங்கம்மா?" என்கிறார், கூட்டமே என்னைப் பார்க்கிறது. கடைசியில் சித்தப்பா மகன்தான் மடியில் வைத்துக்கொண்டான். வழக்கு இன்னும் நடக்கிறது.

பழைய குமாஸ்தா:
முதல் பதிவு போட்ட அம்மா, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம்பியைக் குறை சொல்வது என்ன நியாயம்? தமிழ்நாட்டில் 1989லேயே இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்தாயிற்று. அதில் அந்த வருடம் மார்ச் 25க்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது என்றிருந்தது, 2005ல் மத்தியச் சட்டம் வந்து அந்தத் தடையும் போனது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போனால், 1956லிருந்தே மகளும் வாரிசு. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை இந்தச் சட்டத்தைக் காட்டிக் கிளற முடியாது. முதலில் மூலப்பத்திரத்தைத் தேடுங்கள், சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள், சொந்தக்காரர் அல்லாத வக்கீலாகப் பிடியுங்கள். எழுதிக் கொடுக்கும் முன் வந்திருந்தால் சுலபம். நானே 1994ல் என் தங்கையிடம் எழுதி வாங்கியவன், நெளிவுசுளிவு தெரியும்.

பூவரசு:
ஐயா, உங்கள் தங்கை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாரா?

பழைய குமாஸ்தா:
அவள் ஒன்றும் கேட்கவில்லையே. கேட்டால் பார்க்கலாம். நீங்கள் முதலில் வில்லங்கம் போடுங்கள்.